யவனக் காசும் தகர வில்லையும்

பத்திரிகை படிக்கும் நம்மவர்க்கு அண்மைக் காலத்தில் ஒரு செய்தி மிகவும் பழகிப்போய்விட்டது. காட்டோரத்திலோ, பாழடைந்த கோயிலின் அருகிலோ, ஊரடங்கிய வேளையில் நிலத்தைத் தோண்டிக்கொண்டிருந்த நாலைந்து பேர் பொலிசாரிடம் அகப்பட்டனர். மண்வெட்டி, அலவாங்கு, உலோகங்காட்டும் கருவி, பூசைச் சாமான்கள் ஆகியன கைப்பற்றப்பட்டன என்பதே அச்செய்தி. இடத்தின் பெயர் மாறும், மற்றெல்லாம் மாறுவதில்லை. 2022ஆம் ஆண்டில் நாட்டின் பொருளாதாரம் முறிந்து வீழ்ந்தபின் இந்தப் புதையல் ஆசை ஏழை எளியவர்களிடத்தும் வேரூன்றிவிட்டதோ என்று எனக்கு ஓர் ஐயமுண்டு. உழைத்துப் பெறும் ஊதியம் வயிற்றுக்குப் போதாதபோது, உழைக்காமற் கிடைக்கும் பொன்னைப்பற்றிய கதைகள் இனிக்கத்தானே செய்யும்!

இச்செய்திகளை நானும் மற்றவரைப் போல மேலெழுந்தவாரியாகப் படித்து வந்தவனே. ஹற்றனுக்கு அணித்தாயுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் முப்பது ஆண்டுக்குமேல் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, புதையல் என்பது பிறர் வீட்டுக் கதையாகவே இருந்தது. என் பழைய மாணவன் ஒருவன் தன் தந்தையாருடன் ஒரு நாள் மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் அது என் வீட்டுக்குள்ளும் வந்தது.

“சேர், இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லணும்” என்று அவன் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியைத் திறந்து, பஞ்சிற் பொதிந்த மஞ்சள் நிறக் காசொன்றை எடுத்து வைத்தான். ஒரு புறம் மாலை சூடிய தலை. மறுபுறம் இருக்கையில் அமர்ந்த பெண்ணுரு. சுற்றிலும் எழுத்துக்கள். தாழ்நாட்டிலிருந்து வந்த ஒருவன், குளம் வெட்டுகையிற் கிடைத்த உரோம மன்னனின் பொற்காசு என்று கூறி, தந்தையார் தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதிப் பணத்திற் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு போய்விட்டானாம். கொழும்பிலே பத்து மடங்கு விலைக்குப் போகுமென்று ஆசை காட்டியிருக்கிறான்.

அந்தக் காசை நான் நெடுநேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. காசின் விளிம்பைச் சுற்றி மெல்லிய வரம்பொன்று ஓடிற்று. இரு பாதி அச்சுக்களைப் பொருத்தி உலோகத்தை உருக்கி வார்த்தால்தான் அப்படிப்பட்ட வரம்பு உண்டாகும். உரோமர் தம் பொன்னையும் வெள்ளியையும் வார்த்து விடவில்லை. தட்டையான வில்லையை இரண்டு அச்சுக்களுக்கிடையில் வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தார்கள். ஆகவே உண்மைக் காசின் எழுத்துக்கள் கூர்மையாக எழுந்து நிற்கும். வார்ப்புக் காசில் அவை சவர்க்காரத்திற் செதுக்கியவைபோல் மழுங்கித் தோன்றும். அடுத்தது எழுத்து. இலத்தீன் நாணயங்களில் ‘உ’ ஒலியைக் குறிக்க வருவது அடியிற் கூர்ந்த ‘வி’ வடிவமே. அடி வளைந்த ‘யூ’ மிகப் பிற்காலத்தது. நம் காசிலோ ‘ஆகஸ்தஸ்’ என்ற பெயர் வளைந்த ‘யூ’ எழுத்தோடு நின்றது. மறுநாள் ஹற்றன் நகைக்கடைத் தராசில் நிறுத்தோம். திபேரியு மன்னன் வெளியிட்ட பொற்காசு ஏறக்குறைய ஏழே முக்காற் கிராம் நிறையுடையது. இது நாலு கிராமுக்கும் குறைவு. பொன் முலாம் பூசிய பித்தளை.

தந்தையார் ஒன்றும் பேசவில்லை. பொலிசில் முறையிடலாமே என்றேன். “வேணாங்க ஐயா. பொதையல் தோண்டுற கூட்டத்தோட என்னையும் சேத்துப்புடுவாங்க” என்றார். அவர் அச்சத்தை நான் குறை கூற முடியாது. வாழ்நாள் முழுவதும் அதிகாரத்தின் வாசலிற் சான்று காட்டி நின்ற ஒரு கூட்டத்தின் அச்சமல்லவா அது?

இனி, போலியை விட்டு உண்மைக்கு வருவோம். உரோம நாணயம் இலங்கையிற் கிடைப்பது கட்டுக்கதையன்று. ஆனால் கிடைப்பவை பெரும்பாலும் பொன்னுமல்ல, வெள்ளியுமல்ல. நகக்கண்ணளவே உள்ள செப்புக் காசுகள். கி.பி. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த கொன்ஸ்தந்தைன் குலத்தவர், தியோடோசியு, அவர் மைந்தர் ஆர்க்கேடியு, ஹொனோரியு ஆகியோர் பெயர் பொறித்தவை. கொடியேந்திய இரு வீரர், குதிரையிலிருந்து விழும் பகைவனை ஈட்டியாற் குத்தும் படைவீரன், சிறைப்பட்டவனை இழுத்துச் செல்லும் வெற்றித் தெய்வம், மாலைக்குள் சிலுவை என்னும் உருவங்களை அவற்றின் பின்புறத்திற் காணலாம். எழுத்துக்கள் தேய்ந்தொழிந்த காசையுங்கூட இவ்வுருவங்களைக்கொண்டு இன்ன காலத்ததென்று பயின்ற கண் கூறிவிடும். அடியில் இரண்டொரு எழுத்துக்கள் எஞ்சியிருப்பின், அந்தியோக்கியாவில் அடித்ததா அலெக்சாந்திரியாவில் அடித்ததா என்பதும் தெளியும்.

இவற்றை இங்கு முதன்முதலில் ஒழுங்காகத் தொகுத்து எழுதியவர்களுள் ஒருவரைப்பற்றி மலைநாட்டவர் அறிந்திருத்தல் தகும். ஜோன் ஸ்டில் என்னும் ஆங்கிலேயர் தேயிலைத் தோட்டத்தில் வேலை பழகவென்றே இளமையில் இலங்கைக்கு வந்தவர். தேயிலை அவரைப் பிடித்து வைக்கவில்லை. தொல்பொருளாராய்ச்சி பிடித்து வைத்தது. எச். சி. பி. பெல்லின் உதவியாளராகி, சிகிரியாவிலும் அநுராதபுரத்திலும் உழைத்து, 1907ஆம் ஆண்டில் இலங்கையிற் கிடைத்த உரோம நாணயங்களைப்பற்றி அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதினார். பின்னர் 1924இல் கொட்றிங்டன் இலங்கை நாணயங்கள்பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். நம் காலத்தில் ஒஸ்மண்ட் போப்பேஆரச்சியும், ஜெர்மானியரான ரைன்ஹோல்ட் வால்பேர்க்கும் இத்துறையை மிக விரிவாக்கியுள்ளனர். தமிழகத்தே, தினமலர் ஆசிரியராயிருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரை, திருக்கோவலூர் ஆகிய இடங்களிற் கிடைத்த பிற்கால உரோமச் செப்புக் காசுகளை 1994இல் நூலாக்கினார். ஒரு பத்திரிகாசிரியர் காசு பொறுக்குவதா என்று நகைத்தவர்களும் இருந்திருப்பர். பெரிய நிறுவனங்கள் கவனியாது விட்ட சிறு செம்புகளை அவர் கவனித்திராவிட்டால் அவற்றுட் பல பாத்திரக்கடை உலையிற் போயிருக்கும்.

நாணயத்தையும் இலங்கையையும் இணைத்த மிகப் பழைய கதை மூத்த பிளினி கூறுவது. கிளாடியு மன்னன் காலத்தில், செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியு பிளோகாமு என்பவனுடைய விடுதலை பெற்ற அடிமை ஒருவன் காற்றில் அடிபட்டு இத்தீவில் ஒதுங்கினானாம். அவனிடமிருந்த வெள்ளித் தெனாரிகளைக் கண்ட நம் அரசன் வியந்தானாம். எதற்கு வியந்தான்? வெவ்வேறு மன்னர் தலைகள் பொறித்திருந்தும் எல்லாக் காசும் ஒரே நிறையாயிருந்தமைக்கு! இவ்வளவு நேர்மையுள்ள நாட்டோடு நட்புக் கொள்வோமென்று இராக்கியா என்பானைத் தலைவனாகக் கொண்ட நால்வரைத் தூதனுப்பினான் என்பது கதை. இதில் ஒரு வேடிக்கையுண்டு. அத்தூது போய்ச் சில ஆண்டுகளுக்குள், கி.பி. 64 அளவில், நீரோ மன்னன் அந்த நிறையைக் குறைத்துவிட்டான். தெனாரியின் நிறையும் குறைந்தது. வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. தமிழகத்துப் புதையல்களில் ஆகஸ்து, திபேரியு ஆகியோரின் பழைய வெள்ளிக் காசுகளே மிகுந்திருப்பதற்கு நம் வணிகர் தேறிய காசையே விரும்பியமையும் ஒரு காரணமென்பர். கோயமுத்தூரையடுத்த வெள்ளலூரிற் கிடைத்த புதையல்கள் இதற்குச் சான்று.

முன்னிருந்த ஆசிரியர்கள் இலங்கையில் உரோமக் காசு கிடைத்தவிடமெல்லாம் உரோமன் கால் வைத்த இடமென்று எண்ணினர். பின்வந்த ஆய்வு அவ்வெண்ணத்தைத் திருத்திவிட்டது. இங்குள்ள செப்புக் காசுகளிற் பல, தென்னிந்தியா வழியாக இத்தீவுக்கு வந்து, சில்லறைக் காசாக வழங்கியவை. சில்லறை போதாதபோது உள்ளூர்க் கம்மியர் அவற்றைப் பார்த்துத் தாமே அடித்துக்கொண்டனர். மழுங்கிய தலையும் கோணிய சிலுவையுமாக அப்பிரதிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆகவே இக்காசு கூறுவது யவனன் கதை மட்டுமன்று. பாக்கு நீரிணையைக் கடந்து, மாந்தைத் துறையில் இறங்கி, அநுராதபுரத்துப் பெருவழியே உள்நாடு புகுந்த தென்னிந்திய வணிகன் கதையும் அதுவே.

இந்த வழியைப் படத்திற் கோடிட்டுப் பார்த்தபோது என் கை சற்றே நின்றது. மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு வரும் அதே வழியேயன்றோ நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்த வழி? கொள்ளைநோயாலும் பசியாலும் வழிநெடுக வீழ்ந்தவர் போக எஞ்சியவர்தாம் மலையேறினர். 1823ஐத் தொடக்கமாகக் கொண்டு, 2023இல் மலையகத்தின் இருநூறாண்டு நினைவு கொண்டாடப்பட்டபோது, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிற் புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்த நடைபவனி அவ்வழியையே பின்பற்றியது. காசுக்கும் கூலிக்கும் ஒரே பாதை. ஆனால் அப்பாதையில் வந்த காசைச் சட்டம் காக்கிறது. வந்த மனிதனின் பொருளைக் காக்கவில்லை.

இது வெறும் ஆத்திரத்தாற் கூறுவதன்று. இந்நாட்டுத் தொல்பொருட்சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். இன்று நடைமுறையிலுள்ள வடிவில், ‘தொல்பொருள்’ என்பதற்கு அது கூறும் இலக்கணத்தில் ஒரு திகதி உள்ளது: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்ட நாள் அது. அதற்கு முற்பட்ட பொருளே தொல்பொருள். நிலத்திலிருந்து கிடைத்தால் அது அரசுக்குரியது. கண்டெடுத்தவர் அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். மலையகத் தமிழரின் வரவோ 1820களில். எட்டொன்பது ஆண்டுகளால் அவர்களுடைய சரித்திரம் முழுவதும் அந்த இலக்கணத்துக்கு அப்பாற் போய்விட்டது! பிற்காலத்துக் கட்டடங்களைத் தனிக்கட்டளையாற் காக்கச் சட்டத்தில் வழியுண்டு. அவ்வழியால் துரைமார் பங்களா காக்கப்படலாம். கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் கங்காணியின் கணக்குக் கொப்பியும் காக்கப்படுமா?

சட்டம் இயற்றியவர் வேண்டுமென்றே நம்மை விலக்கினர் என்று நான் சொல்லவில்லை. எந்தச் சட்டத்துக்கும் ஓர் எல்லைக்கோடு தேவை. அக்கோட்டுக்கு இப்பால் நிற்பவர் யாரென்று பிறகாவது எவரும் கேட்டிருக்கலாமென்பதே என் முறையீடு.

மாணவன் கொண்டுவந்த பிஸ்கட் பெட்டிக்கு மீண்டும் வருகிறேன். போலிக் காசை எடுத்தபின் பெட்டியின் அடியில் வேறு சில கிடந்தன: எட்டாம் எட்வேர்ட் காலத்ததென்று அவன் உறுதியாகக் கூறிய, உண்மையில் ஐந்தாம் ஜோர்ஜ் தலை பொறித்த இரண்டு சதக் காசுகள், அறுந்த தாலிச்சரட்டின் குண்டுமணி ஒன்று, துளையிட்ட ஒரு வட்டத் தகரம். “இது என்ன?” என்றேன். “அப்பாயியோட அம்மா கழுத்துல கெடந்ததாம் சேர். தகரந்தானே, வீசிடலாம்னு இருந்தேன்” என்றான்.

தகரத்தின் மேல் ஓர் எழுத்தும் இலக்கங்களும் குத்தப்பட்டிருந்தன. அது ‘டின் டிக்கட்’ என்று ஆங்கிலேயர் ஏடுகள் கூறும் வில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை வந்தது. கங்காணி தமிழகத்து ஊர்களில் ஆள் சேர்க்கும்போது, சேர்த்த ஒவ்வொருவருக்கும் போகவேண்டிய தோட்டத்தின் பதிவிலக்கம் பொறித்த தகர வில்லையொன்று கொடுக்கப்படும். வழியில் உள்ள அதிகாரிகள் அதைப் பார்த்து, இன்ன தோட்டத்துச் சரக்கு என்று அனுப்பிவைப்பர். வழிச்செலவு அத்தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். சுற்றிச் சுற்றி இறுதியில் அது தொழிலாளியின் கடனாகவே வந்து முடியும். பெயர் தெரியாதவரையும், எழுத்தறியாதவரையும், கேளாமலே இடஞ்சேர்க்கும் கருவி அது. உரோமக் காசில் மன்னன் பெயர் உண்டு. அடித்த நகரின் பெயரும் உண்டு. இதில் மனிதரின் பெயர் இல்லை. தோட்டத்தின் இலக்கம் மட்டுமே.

ஆயினும் இப்பெயரில்லாத் தகரம் எவ்வளவு கூறக்கூடும் என்று எண்ணுங்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், இத்தனை ஆண்டு இங்கு வதிந்தோமென்று சான்று காட்டவேண்டியிருந்தது. காட்ட அவர்களிடம் என்ன இருந்தது? 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர்ப் பேசப்பட்டது. இவ்வாறு பிரிந்து, நீலகிரிக்கும் திருச்சிக்கும் கப்பலேறிய குடும்பங்கள் தகரப் பெட்டிகளையும் பிரித்துக்கொண்டன. மலையகத்தின் பழம்பொருள்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்று எந்தப் பரணில் உறங்குகின்றனவோ!

இங்கே எஞ்சியவையும் நிலைக்கவில்லை. பழைய லயங்கள் இடிக்கப்பட்டுத் தனிவீடுகள் எழுகின்றன. இந்திய உதவியோடு தோட்டங்களில் 4,000 வீடுகள் என்று தொடங்கிய திட்டம் மேலும் 10,000 வீடுகளுக்கு விரிந்தது. இதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பிராவை நூதனசாலையென்று போற்றி, அதற்குள் மனிதரைக் குடியிருத்தும் கொடுமை எவர்க்கும் வேண்டாம். ஆனால் குடிபெயரும் நாளில் வாசலில் எரிக்கும் குப்பையில் என்னென்ன வேகின்றன என்று ஒருவராவது பார்க்கவேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் மலைநாட்டு வீடுகள் பல மண்ணுக்குள் போயின. உயிர் பிழைத்தவர் உடுத்த துணியோடு ஓடிவந்தனர். அவர்கள் விட்டுவந்தவற்றைப் பட்டியலிட எவரிடமும் முன்பு எடுத்த குறிப்பு ஒன்றும் இருக்கவில்லை.

செய்யத்தக்கதைச் செய்து காட்டிய இடமும் உண்டு. கம்பளையை அடுத்த நியூ பீகொக் தோட்டத்தில், பழைய லயமொன்றிலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்சாலை ஒன்று 2007இல் அமைக்கப்பட்டது. அரசு அமைத்ததன்று, தொண்டு நிறுவனத்தின் முயற்சி. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சென்று நாட்டார் பாடல்களைத் தொகுத்தபோது எந்தத் திணைக்களமும் அவரை ஏவவில்லை. பாட்டுக்குச் செய்யப்பட்டது பொருளுக்கு இன்னும் போதியவாறு செய்யப்படவில்லை என்பதே உண்மை.

நாணயவியலார் நமக்குக் கற்பிப்பது இங்குதான் பயன்படும். அவர்களுடைய முதல் பாடம், காசைவிடக் காசு கிடந்த இடம் பெரிது என்பது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 பொற்காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றின் மன்னர் முகத்தில் உளிவெட்டு இருந்தது. ஒன்றாகக் கிடைத்ததாலும், ஒன்றாக எண்ணிக் குறிக்கப்பட்டதாலும்தான், இது தற்செயலன்று, எவரோ ஒரு கருத்தோடு வெட்டியது என்பது புலனாயிற்று. தனித்தனியே சந்தைக்குப் போயிருந்தால், கீறல் விழுந்த பழுதுக் காசு என்று விலை குறைந்திருக்கும், அவ்வளவே. இரவிலே தோண்டுபவன் செய்யும் குற்றம் பொன்னைத் திருடுவது மாத்திரமன்று. குழியையும் கலைத்து, காசின் வாயையும் அடைத்துவிடுகிறான். வாங்குபவர் கேள்வி கேளாதவரை அவன் தோண்டிக்கொண்டேயிருப்பான்.

ஆகவே தோட்டப் பாடசாலை ஆசிரியர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமன்று. வரலாற்று வகுப்பில் ஒரு கொப்பி, ஒரு தராசு, ஓர் அடிக்கோல். பிள்ளை கொண்டுவரும் பொருளைப் பறித்துக்கொள்ள வேண்டாம்; வீட்டுக்கே திருப்பி அனுப்புங்கள். ஆனால் அது யாருடையது, எந்த லயத்தில் இருந்தது, யார் வழியாக வந்தது, எவ்வளவு நிறை என்று எழுதி, படம் பிடித்து வையுங்கள். கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று அரிது. காசு கிடைத்தால் சட்டப்படி அறிவிக்கச் சொல்லுங்கள். விற்க வந்தவனிடமிருந்து வாங்காதிருக்கச் சொல்லுங்கள். சட்டத்தின் எல்லைத் திகதியைத் திருத்துவது பாராளுமன்றத்திலுள்ள நம் பிரதிநிதிகளின் வேலை. சம்பள உயர்வைப்பற்றியும் காணியுரிமையைப்பற்றியும் பேசவேண்டிய வாய் இதைப்பற்றிப் பேசுவதா என்று அவர்கள் கேட்கலாம். காணியுரிமை கேட்கும்போது, எத்தனை தலைமுறையாக இங்கிருக்கிறீர்கள் என்றுதானே எதிர்க்கேள்வி வரும்?

என் மாணவன் அப்படியொரு கொப்பியைத் தொடங்கியிருக்கிறான். முதற் பக்கத்தில் தகர வில்லையின் படத்தைக் கோட்டால் வரைந்து, துளை எங்கே, எழுத்து எங்கே, இலக்கம் எங்கே என்று குறித்துள்ளான். அவ்வெழுத்து எந்தப் பகுதியைக் குறிக்கும், இலக்கம் எந்தத் தோட்டத்துக்குரியது என்பதை அறியச் சுவடிகள் கூடத்தில் தேட வேண்டுமென்று சொன்னேன். கொழும்புக்குப் போகும் பஸ் செலவைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, சித்திரை விடுமுறையிற் போவோம் என்றான். போலிக் காசைத் தந்தையார் என்னிடமே விட்டுச் சென்றார். அது மேசை இழுப்பறையிற் கிடக்கிறது. வார்ப்பு வரம்பு எப்படியிருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட உதவும்.